சிறைக்கு முன்னால் மருத்துவமனை: போதைப்பொருள் சட்டத்தில் வேண்டிய திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமது சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு கஞ்சாவோ வேறு போதைப்பொருளோ வைத்திருந்து பிடிபடுகிறவர் மீது உடனே குற்ற வழக்குப் பதிவு செய்வதை விடுத்து, அவரை முதலில் மருத்துவரிடம் அனுப்பும் வகையில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தை, அதாவது என்.டி.பி.எஸ். சட்டத்தை, நாடாளுமன்றம் திருத்த வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள். கடத்துகிறவர், மொத்தமாக விற்கிறவர், பள்ளி வாசலில் பொட்டலம் கொடுக்கிறவர் ஆகியோருக்கு இன்றுள்ள தண்டனையில் ஒரு நாளைக்கூடக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்பதால், மருந்து எந்த இடத்தில் நஞ்சாகிறது என்பதை ஓரளவு அறிந்தவன் என்ற முறையில் சில செய்திகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சேலத்துக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. ஆந்திரம், ஒடிசா மாநிலங்களின் வழியாகக் கேரளத்துக்குப் போகும் தன்பாத் – ஆலப்புழை விரைவு ரயில் போன்ற ரயில்கள் சேலம் சந்திப்பைக் கடந்தே செல்கின்றன. அவற்றின் பெட்டிகளில் இருக்கைக்கு அடியிலும் கழிவறை ஓரத்திலும் கேட்பாரற்றுக் கிடக்கும் பைகளில் கஞ்சா கைப்பற்றப்பட்டதாக வரும் செய்திகளுக்கு நாம் பழகிவிட்டோம். ஆனால் அண்மைக் காலத்தில் என்னை அதிகம் அச்சுறுத்துவது கஞ்சா அன்று, மாத்திரை. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் கடும் வலிக்கும் மருத்துவர் எழுதித் தரும் டேபென்டடால் போன்ற வலி நிவாரண மாத்திரைகளைத் தூளாக்கி, நீரில் கரைத்து, ஊசி வழியே நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழகத்தின் பல நகரங்களில் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. விழுங்குவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரையில் மருந்தைத் தவிர மாவுப் பொருளும் டால்க்கும் சேர்ந்திருக்கும். அவை நீரில் முழுமையாகக் கரைவதில்லை. இரத்தக் குழாய்க்குள் போனால் நுண்ணிய குழாய்களை அடைத்துக்கொள்ளும். நுரையீரல் வரை போய்த் தங்கும். ஊசி போட்ட இடம் சீழ் கட்டும். ஒரே ஊசியை நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி கிருமியும் அந்த நான்கு வீடுகளுக்கும் போய்ச் சேரும் வாய்ப்பு உண்டு. இவற்றில் ஒன்றைக்கூடக் காவல் நிலையத்தில் வைத்துக் குணப்படுத்த முடியாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

டேபென்டடால், ஹெராயின் போன்ற ஓபியம் (அபின்) வகை மருந்துக்கு உடல் அடிமையான பிறகு அதை நிறுத்துவது மன உறுதியைப் பொறுத்தது மட்டுமன்று. மருந்து இல்லாத முதல் இரண்டு மூன்று நாட்களில் கொட்டாவியும் மூக்கு ஒழுகலும் வயிற்றுப்போக்கும் எலும்பைப் பிழியும் வலியும் உறக்கமின்மையும் ஒருசேர வரும். அந்த வேதனையிலிருந்து தப்பிக்கவே பலர் மீண்டும் ஊசியை எடுக்கிறார்கள். இன்பத்துக்காக எடுத்த காலம் அதற்குள் முடிந்துபோயிருக்கும். இத்தகையவரைக் கைது செய்து சிறைக்குள் அனுப்பினால், சில வாரங்களில் உடல் அந்த மருந்தைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. ஜாமீனில் வெளியே வந்த அன்று பழைய நண்பர்கள் கொடுக்கும் பழைய அளவை எடுத்துக்கொண்டால் மூச்சு நின்றுபோகும். சிறையிலிருந்து விடுதலையான முதல் சில வாரங்களே அளவு மீறி உயிரிழக்கும் ஆபத்து மிக அதிகமான காலம் என்று பல நாடுகளின் மருத்துவ ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கூறியிருக்கின்றன. குடிநோயாளிக்கோ ஆபத்து வேறு விதமானது. பல்லாண்டு குடித்தவர் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் திடீரென நிறுத்த நேர்ந்தால், வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே முடிவாகலாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு போதைப்பொருளை உட்கொள்வதையே குற்றமாக்குகிறது. ஹெராயின், மார்பின், கோகெயின் போன்றவை என்றால் ஓராண்டு வரை கடுங்காவலோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மற்றவை என்றால் ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். வைத்திருந்தால் அது தனிக் குற்றம். ஒரு கிலோ வரையிலான கஞ்சாவும் 5 கிராம் வரையிலான ஹெராயினும் ‘சிறு அளவு’ எனப்படுகின்றன. இச்சிறு அளவுக்கு முன்பு ஆறு மாதமாக இருந்த அதிகபட்சத் தண்டனையை 2014ஆம் ஆண்டுத் திருத்தம் ஓராண்டாக உயர்த்தியது. போதாதற்கு, கலப்படப் பொருளில் போதைப்பொருளின் எடையை மட்டும் பார்க்காமல் மொத்தக் கலவையின் எடையையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. விற்பவன் எவ்வளவு கலப்படம் செய்கிறானோ அவ்வளவுக்கு வாங்கியவனின் குற்றம் பெரிதாகிறது என்பதே நடைமுறையில் இதன் விளைவு. மிகக் குறைந்த தரமுள்ள தூளை வாங்கும் ஏழை அடிமை, சிறு அளவைத் தாண்டிவிட்டார் என்ற ஒரே காரணத்தால் வியாபாரிகளுக்குரிய பிரிவில் போய் நிற்க நேரிடலாம்.

இதே சட்டத்துக்குள் கருணையின் கதவு ஒன்று இல்லாமல் இல்லை. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இன்றைய வடிவம் பெற்ற 64ஏ பிரிவு, 27ஆவது பிரிவிலோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கிய போதை அடிமை, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது என்கிறது. குற்றம் உறுதியான பிறகும் அவரது சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்ப 39ஆவது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சிகிச்சை மையங்களை அமைக்க 71ஆவது பிரிவு அரசுக்கு வழிவகுக்கிறது. ஆகவே, போதை அடிமை நோயாளி என்ற எண்ணம் சட்டத்தை இயற்றியவர்களிடமே இருந்திருக்கிறது. அந்த எண்ணம் வரிசையில் கடைசியில் போய் நின்றுகொண்டதுதான் குறை. 64ஏ பிரிவு ஒருவருக்குக் கைகொடுப்பது குற்றச்சாட்டு எழுந்த பிறகே. அதற்குள் கைது, படம், ரிமாண்ட், கல்லூரியிலிருந்து இடைநீக்கம் எல்லாம் முடிந்துவிடுகின்றன. அந்தப் பிரிவு இருப்பதைப் பிடிபட்டவருக்கு எடுத்துச் சொல்லும் கடமையை அது காவல் அதிகாரி மீது சுமத்தவில்லை. மேலும், சட்டத்தின் விளக்கப்படி ‘அடிமை’ என்பவர் அப்பொருளைச் சார்ந்து வாழும் நிலைக்கு வந்துவிட்டவர். நண்பர்கள் வற்புறுத்தலில் முதல் முறையோ இரண்டாம் முறையோ புகைத்துப் பிடிபட்ட பத்தொன்பது வயதுப் பையன் அந்த விளக்கத்துக்குள் வரமாட்டான். நோய் முற்றியவனுக்கு மன்னிப்பும் முற்றாதவனுக்கு வழக்கும் என்ற இந்த ஏற்பாடு எனக்கு விளங்கவே இல்லை. வழக்கு தள்ளுபடியானாலும், கடவுச்சீட்டுக்கும் அரசுப் பணிக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு வரும்போதெல்லாம் அந்தப் பையன் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

நமது அரசமைப்புச் சட்டத்தின் 47ஆவது உறுப்பு மக்களின் ஊட்டச்சத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் மேம்படுத்துவதை அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்றாகக் கூறி, அதன் தொடர்ச்சியாகவே மதுவையும் உடலுக்குக் கேடான போதைப்பொருட்களையும் மருத்துவத் தேவைக்குத் தவிர விலக்க முயல வேண்டும் என்கிறது. போதையைப் பொதுச் சுகாதாரத்தோடு சேர்த்து வைத்தவர்கள் நமது அரசமைப்பை இயற்றியவர்களே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மது, போதைப்பொருள் பயன்பாட்டால் வரும் மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஒரு சட்டம் நோயாளி என்று சொல்பவரை இன்னொரு சட்டம் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் விஷயத்திலும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. பிழைத்துக்கொண்டவர் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு பாயும். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு மாற்றியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவு இடம்பெறவில்லை. அங்கே செய்ய முடிந்ததை இங்கேயும் செய்யலாம்.

நம் பக்கத்து மாவட்டத்தில் நடந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் பலர் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் கொண்டுவரப்பட்டார்கள். காய்ச்சியவர்களும் விற்றவர்களும் கைதானார்கள். தண்டனையைக் கடுமையாக்கச் சட்டமும் திருத்தப்பட்டது. குடித்தவர்களுக்கோ மருத்துவர்கள் இரவு பகலாகச் சிகிச்சை அளித்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு அளித்த 10 லட்சம் ரூபாய் சரியா என்று விவாதம் நடந்தது உண்மை. ஆனாலும் விற்றவனையும் குடித்தவனையும் ஒரே கூண்டில் அரசு நிறுத்தவில்லை. அந்த வேறுபாட்டை அன்று அரசும் மக்களும் இயல்பாகவே உணர்ந்தார்கள். மாத்திரைக்கு அடிமையானவனுக்கு மட்டும் அது ஏன் பொருந்தாமல் போகிறது?

மதுவைப் பற்றிப் பேசும்போது சேலத்துக்காரர்கள் 1937ஐ மறக்க முடியாது. அன்றைய சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது நமது மாவட்டத்தில்தான்; அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று, சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த இராஜாஜியின் அரசு அதைக் கொண்டுவந்தது. அந்த நோக்கத்தின் மேன்மையை நான் மதிக்கிறேன். ஆனால் கடையை மூடுவது ஒரு வேலை, அடிமையானவரை மீட்பது வேறொரு வேலை. முதல் வேலையைப் பற்றி எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாதிட்டு வரும் நாம், இரண்டாவது வேலைக்கு உரிய பணமும் ஆளும் ஒதுக்கியதில்லை. 2019இல் வெளியான, எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதை சார்பு சிகிச்சை மையம் நடத்திய நாடளாவிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரும், தடைசெய்யப்பட்ட போதைப்பொருட்களுக்கு அடிமையானவர்களில் 20 பேருக்கு ஒருவரும் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறியிருக்கிறார்கள். நாட்டில் ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்வோர் சுமார் 8.5 லட்சம் பேர் என்றும் அதே ஆய்வு மதிப்பிடுகிறது.

வெளிநாடுகளில் இரண்டு முன்மாதிரிகள் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாடம் முழுமையாகும். 1990களில் ஹெராயினால் சீரழிந்த போர்ச்சுகல், 2001 ஜூலை முதல், பத்து நாள் பயன்பாட்டுக்குட்பட்ட அளவு வைத்திருப்பதைக் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அனுமதித்துவிடவில்லை, பொருள் பறிமுதலாகும், பிடிபட்டவர் சட்டம், மருத்துவம், சமூகப் பணி ஆகிய துறைகளிலிருந்து வந்த மூவர் குழுவின் முன் நிற்க வேண்டும். அடிமையாகிவிட்டவரைக் குழு சிகிச்சைக்கு அனுப்பும். அல்லாதவரை எச்சரித்தோ அபராதம் விதித்தோ விடும். சிகிச்சை மையங்களையும் அந்நாடு உடன் பெருக்கியது. ஊசி பயன்படுத்துவோரிடையே புதிய எச்.ஐ.வி. தொற்று அங்கே மிகப் பெரிய அளவில் குறைந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலமோ 2020இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் தண்டனையை முதலில் நீக்கிவிட்டு, சிகிச்சை வசதியைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. பிடிபட்டவர் கையில் ஒரு தாளைக் கொடுத்து, இந்த எண்ணை அழையுங்கள் என்று சொன்னதற்கு மேல் பெரும்பாலோருக்கு எதுவும் நடக்கவில்லை. வீதிகளில் நிலைமை மோசமாகி, 2024 செப்டம்பரில் அம்மாநிலம் அதை மீண்டும் குற்றமாக்கியது. தண்டனையை எடுத்துவிட்டால் போதும் என்போருக்கு ஓரிகன் பதில் சொல்லும். எடுக்கவே கூடாது என்போருக்குப் போர்ச்சுகல் பதில் சொல்லும்.

நமது சட்டத்தைத் திருத்துவதற்குப் பன்னாட்டு உடன்படிக்கைகள் தடையாக நிற்கின்றன என்ற வாதமும் சரியன்று. 1988ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையே சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருப்போருக்குத் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கலாம் என்கிறது. ஆகவே, சிறு அளவுடன் பிடிபடுபவரின் பொருளைப் பறிமுதல் செய்துவிட்டு, குற்ற வழக்குப் பதியாமல், மாவட்டந்தோறும் ஒரு மனநல மருத்துவர், ஒரு சமூகப் பணியாளர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பிரதிநிதி ஆகியோரைக் கொண்ட குழுவிடம் அனுப்ப வேண்டும் என்று 27ஆவது பிரிவும் சிறு அளவு பற்றிய பிரிவுகளும் திருத்தப்பட வேண்டும். எடையைக் கணக்கிடும்போது கலப்படத்தைக் கழிக்க வேண்டும். பொட்டலம் பொட்டலமாகக் கட்டி விற்றதற்குச் சான்று இருந்தால், அளவு எவ்வளவாயினும், இன்றைய சட்டம் இன்றைய கடுமையோடு தொடரட்டும்.

பெற்றோர் பலர் இதைக் கேட்டு அஞ்சுவார்கள் என்பதை அறிவேன். காவல்துறை மீதான பயமும் போய்விட்டால் பிள்ளை என்னாவான் என்பது நியாயமான கேள்வி. ஆனால் இன்று அந்தப் பயம் யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள். மகன் ஊசி போட்டுக்கொள்கிறான் என்று தெரிந்த தாய், வழக்காகிவிடுமோ என்றுதான் அரசு மருத்துவமனைக்கு வரத் தயங்குகிறார். மூச்சுத் திணறிக் கிடக்கும் நண்பனைத் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டியவர்கள், தாங்களும் மாட்டிக்கொள்வோமோ என்று அவனை அங்கேயே விட்டுவிட்டு ஓடுகிறார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்தால், ஓபியம் வகை மருந்தின் விளைவை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்தைச் செலுத்திச் சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பிவிடலாம்.

வெளியே சொல்லத் தயங்கும் இந்தக் குடும்பங்கள்தாம் பதிவு இல்லாத சில தனியார் மீட்பு இல்லங்களின் வாசலுக்குப் போகின்றன. அங்கே பூட்டி வைப்பதும் அடிப்பதும் உயிரிழப்பு வரை போவதும் தமிழகத்தில் வழக்குகளாகவே வந்திருக்கின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு செய்யாத இல்லம் எதுவும் ஒரு நாளும் இயங்கக் கூடாது. இதில் மாவட்ட நிர்வாகத்துக்கு எந்தத் தயக்கமும் இருக்கத் தேவையில்லை.

தங்களைப் போன்ற நாளிதழ்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிறு அளவுடன் பிடிபட்டு இன்னும் குற்றம் நிரூபணமாகாத இளைஞரின் படத்தையும் வீட்டு முகவரியையும் வெளியிடாதீர்கள். அந்த இடத்தில் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446ஐ அச்சிடுங்கள்.

மத்தியச் சட்டம் திருத்தப்படும்வரை காத்திருக்காமல் சேலத்திலேயே செய்யக்கூடியவை உண்டு. 64ஏ பிரிவைப் பற்றிய தமிழ்த் துண்டறிக்கையை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் பிடிபட்டவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் கொடுக்கச் சொல்லி மாநகரக் காவல் ஆணையரும் மாவட்டக் கண்காணிப்பாளரும் உத்தரவிடலாம். போதையால் பாதிக்கப்பட்டோருக்காகத் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2015இல் வகுத்த திட்டத்தின் கீழ், ரிமாண்டின்போதே இலவச வழக்கறிஞர் அந்தப் பிரிவை நீதித்துறை நடுவரின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். அரசு மருத்துவமனைகளில் தமிழக அரசு தொடங்கியிருக்கும் ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்களின் பணி மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடாமல் வட்ட மருத்துவமனைகள் வரை போக வேண்டும்.

இதை நான் குறிப்பாகச் சேர்வராயன் மலைவாழ் மக்களை எண்ணியே எழுதுகிறேன். ஓபியம் அடிமைக்கு நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை நல்ல பலன் தருகிறது, எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தின் கீழ் நம் நாட்டில் பல ஆண்டுகளாக அது வழங்கப்பட்டும் வருகிறது. ஆனால் தொடக்கத்தில் நாள்தோறும் மையத்துக்கு வந்து பணியாளர் முன்னிலையில் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். குடிநோய்க்கும் தொடர் கவனிப்பு இல்லாமல் பலன் இல்லை. காபித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகும் ஒருவர், மலையின் உட்கிராமத்திலிருந்து நடந்து வந்து ஏற்காட்டில் பேருந்து ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு வந்து மருந்து வாங்கித் திரும்பினால் அன்றைய கூலி போயிற்று. இரண்டாம் வாரம் அவர் வரமாட்டார். வரவில்லை என்று அவரைக் குறை சொல்லவும் முடியாது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் வீடு தேடி மாத்திரை போகிறது. அதே பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து, போதை மீட்புச் சிகிச்சையில் இருப்பவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். அதற்கு முதற்படியாக, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வாரத்தில் ஒரு குறித்த நாளில், சந்தைக்கும் கூலிக்கும் இடையூறில்லாத நேரத்தில், ஏற்காடு அரசு மருத்துவமனையில் போதை மீட்புக்கென்றே அமர்ந்து நோயாளிகளைப் பார்க்க ஏற்பாடு செய்யுமாறு மாவட்ட ஆட்சியரையும் நலப்பணிகள் இணை இயக்குநரையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
அம்மாப்பேட்டை, சேலம்.